எடைக் குறைப்பு: எல்லோருக்கும் ஒரே கலோரி எண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை குறைக்க விரும்புவோருக்காக நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் வெளிவரும் உணவுப் பட்டியல்களையும், அவற்றின் அருகிலேயே இடம்பெறும் ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ’ விளம்பரங்களையும் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். பட்டியல்களில் பெரும்பாலும் 1,200 கலோரி என்ற ஒரே எண்தான் காணப்படுகிறது. அது எந்த வயதினருக்கு, எவ்வளவு உயரமும் எடையும் உள்ளவருக்கு, என்ன வேலை செய்பவருக்கு என்ற விவரம் இருப்பதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், எனக்கு வயது 45, உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. எங்கள் ஊரிலுள்ள எடைக் குறைப்பு நிலையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நாளுக்கு 800 கலோரி என்று அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தார்கள், வயதைக்கூடக் கேட்கவில்லை. முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ இறங்கியதும் மகிழ்ந்துபோனேன். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக உள்ள கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீரத் தீர, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரும் வெளியேறிவிடும் என்பதும், அந்த இறக்கத்தில் கொழுப்பின் பங்கு சிறிதே என்பதும் பின்னால்தான் தெரிந்தது. ஆறாவது வாரம், எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி, சாக்பீஸைப் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மூன்றாம் மாதத்தில் தலைவாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. அந்தப் பட்டியலைக் கைவிட்ட சில மாதங்களில் பழைய எடை முழுவதும் திரும்பிவிட்டது.

நான் கணிதம் கற்பிப்பவள். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1990இல் வெளிவந்து இன்றும் மருத்துவர்களும் உணவியல் வல்லுநர்களும் பயன்படுத்தும் மிஃப்லின் சூத்திரம் எளிமையானது. எடையை 10ஆலும், உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண்கள் மேலும் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண்கள் 5ஐக் கூட்ட வேண்டும். என் அளவுகளுக்கு 1,303 கலோரி வந்தது. படுத்தே கிடந்தாலும் உடல் இயங்கத் தேவைப்படுவது இவ்வளவு. ஓரளவு நடமாட்டமுள்ள என் வேலைக்கு இதை 1.375ஆல் பெருக்கினால், நாளின் மொத்தச் செலவு ஏறக்குறைய 1,790 கலோரி. இது மதிப்பீடுதான், ஒருவருக்குப் பத்து விழுக்காடு கூடவோ குறையவோ செய்யலாம்.

இப்போது அந்த விளம்பரத்தைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 2,567. மொத்தச் செலவே 1,790ஆக இருக்கும் பெண், மாதம் முழுவதும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தாலும் பத்துக் கிலோ கொழுப்பைக் கரைக்க முடியாது. இப்படியொரு வாக்குறுதியைப் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடுவது எந்த வகையில் நியாயம்?

நான் வைத்துக்கொண்ட இலக்கு 1,450 கலோரி. மூன்று பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவாகிக்கொண்டிருந்தது. ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கலோரி என்பதால், அது ஆளுக்கு நாளொன்றுக்கு 365 கலோரிக்கும் மேல் வரும். பாத்திரத்திலிருந்து சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கியதும் இரண்டரை லிட்டர் போதுமானதாயிற்று. ஆளுக்குச் சுமார் 140 கலோரி அதிலேயே மிஞ்சியது. மூன்று வேளைத் தேநீரில் சர்க்கரையை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாக்கியதில் இன்னும் 60. பள்ளி விட்டு வந்ததும் தின்னும் ஐம்பது கிராம் மிக்சரில் ஏறக்குறைய 250 கலோரி; அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தது. சோற்றையும் இட்லியையும் நான் விடவே இல்லை. பத்து மாதங்களில் ஏழு கிலோ குறைந்தது, இன்றுவரை ஏறவில்லை. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும் என்பதால் 65 கிலோவுக்கு வந்தபோது கணக்கை மறுபடி போட்டேன். தேவை நூறு கலோரிக்கு மேல் குறைந்திருந்தது. பாதியில் எடை நின்றுவிட்டதே என்று பலர் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, தங்கள் இதழில் உணவுப் பட்டியல் வெளியிடும்போதெல்லாம், அது எந்த வயது, உயரம், எடை, வேலைக்குக் கணக்கிடப்பட்டது என்பதை அதன் தலைப்பிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் 1,200க்கும், ஆண்கள் 1,500க்கும் கீழே மருத்துவரின் மேற்பார்வையின்றி இறங்கக் கூடாது என்பதையும், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போரும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது என்பதையும் உடன் சேர்க்க வேண்டும். மாதத்துக்கு இத்தனை கிலோ என்று உறுதி கூறும் விளம்பரங்களை ஏற்கும் முன், மேலே கண்ட வகுத்தல் கணக்கை விளம்பரப் பிரிவினர் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.