மாங்குளம் வீதியில் மறித்து உதவின அண்ணைக்கு

மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியில, நெல் மூட்டையோட நிண்ட எங்கட பழைய மெசி பேர்குசன் 135 உழவு மெசினைக் கண்டு மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டின அண்ணைக்கு நன்றி. பேரைக் கேட்டம், சிரிச்சு மழுப்பிப்போட்டார்.

1964 இல வரத் தொடங்கின மொடல், ஆட்டம் இருக்கும்தான். ஆனா ஸ்டியரிங்கைக் கால் சுற்றுச் சுத்தியும் முன்சில்லு அசையேல்லை. "ஸ்டியரிங் பெட்டி முடிஞ்சுது, மாத்தோணும்" எண்டு கராச்சில முதலே சொல்லியிருந்தவை.

அண்ணை ஒண்டையும் கழட்டேல்லை. தம்பியை ஏத்தி, "மெதுவா ரெண்டு பக்கமும் ஆட்டு ராசா" எண்டுபோட்டு, கீழ குந்தி ஒவ்வொரு மூட்டிலயும் விரலை வைச்சுப் பாத்தார். ஸ்டியரிங் தண்டு திரும்பின உடன பெட்டிக்கு வெளியில உள்ள இரும்புக் கை அசையுது. அப்ப பெட்டியில பிழை இல்லை. கை அசைஞ்சும் சில்லு நிக்குது. பிழை, கைக்கும் சில்லுக்கும் நடுவில உள்ள தண்டின்ர மூட்டில: ரை ரொட் போல் ஜொயின்ற் ரப்பர் கிழிஞ்சு, கிறீஸ் காய்ஞ்சு, உள்ளுக்கை செம்மண். ஸ்டியரிங் நடு மூடிக்குக் கீழ நட்டும் லூஸ். அதை இறுக்கித் தந்தார்.

"ஜொயின்றை வெல்டிங் பிடிக்கப்படாது, புதுசு போடுங்கோ. மூட்டையை இறக்கிப்போட்டு மெதுவாக் கொண்டு போங்கோ." காசு நீட்ட, கையைத் தட்டிவிட்டார்.

அண்ணை, ஜொயின்ற் மாத்தியாச்சு, முன்சில்லு நேரும் பாத்தாச்சு. பெட்டி பழசுதான், நல்லா ஓடுது. இந்தப் பக்கம் வந்தா வீட்டை சாப்பிட வாங்கோ.