உன் வீட்டுப் பெட்டிக்கு எந்த ஓஎஸ்?

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வீட்டு சர்வராக எப்போதும் ஓடப்போகிற பெட்டிக்கு எந்த ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், பேத்தி போனைப் பிடுங்கிவிட்டாள். எனக்கும் எழுதினால்தான் ஒழுங்காக வரும்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, புதிதாக 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. அதற்குள் போட்டோ, சினிமா, மாப்பிள்ளையின் ஃபைல்கள், விளம்பரம் தடுக்கிற பை-ஹோல், நாலு ஸ்மார்ட் பிளக். மாப்பிள்ளை ப்ராக்ஸ்மாக்ஸ் என்கிறார். உன் ஆபீஸ் தோழி அன்ரெய்டு என்கிறாள். யூடியூபில் ட்ரூநாஸ் என்கிறார்கள். மூன்றுமே வீட்டு சர்வருக்குப் போடுகிற ஓஎஸ், நல்ல சரக்குதான். ஆனால் நான் டெபியன் லினக்ஸ் என்று சொல்வேன்.

அதற்கு முன்னால் நீ அறியாத ஒரு சங்கதி. 2014இல், நீ ஹாஸ்டலில் இருந்தபோது, ஆச்சி பேசியதை எல்லாம் போனில் பதிந்து வைத்திருந்தேன். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த கதை, உப்பளத்துக்குத் தாத்தா சைக்கிளில் போனது என்று மொத்தம் பதினொரு பதிவு. வீட்டு சர்வரில் இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதினால் மற்றதிலும் எழுதும் மிரர். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. ஒருநாள் புது டிஸ்குக்கு நகல் எடுக்க ஆர்சிங்க் என்ற கட்டளையை ஓட்டினேன். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டேன். மூலத்தில் இல்லாததை அழித்துவிடு என்ற ஆப்ஷனும் கூடவே. காலி டிஸ்க் பழைய ஃபோல்டரைத் தன்னைப் போலவே காலியாக்கிவிட்டது. மிரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழிந்தது. முப்பது வருஷம் கல்லூரி லேப் பார்த்தவன் நான், அம்மாவிடம் சொல்லவே இரண்டு நாள் ஆயிற்று. மிஞ்சியது மூன்று பதிவு, அதுவும் உன் அத்தைக்கு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்ததால்.

அதனால்தான் ஓஎஸ் எது என்பதைவிட, டேட்டா எதில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஓஎஸ் வாடகை வீடு மாதிரி. பிடிக்கவில்லை என்றால் காலி செய்துவிட்டுப் போகலாம், பாத்திரம் பண்டம் நம்முடையதாக இருக்க வேண்டும். அந்த 4 டிபி டிஸ்க் இரண்டையும் இசட்எஃப்எஸ் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) மிரராகப் போடு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்டது, இப்போது ஓப்பன்இசட்எஃப்எஸ். டேட்டாவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம், அதாவது சரிபார்க்கும் எண், வைத்திருக்கும். ஒரு டிஸ்கில் ஒரு துண்டு கெட்டுப்போனால் அடுத்த டிஸ்கிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதைவிட முக்கியம் ஸ்னாப்ஷாட், அந்த நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. மணிக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லிவிட்டால், என்னைப் போல் யாராவது அழித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம். இதே டிஸ்குகளைக் கழற்றி உபுண்டுவிலோ ப்ராக்ஸ்மாக்ஸிலோ ட்ரூநாஸிலோ இம்போர்ட் செய்துகொள்ளலாம், புது ஓஎஸ்ஸில் உள்ள இசட்எஃப்எஸ் பதிப்பு பழையதைவிடக் கீழாக இல்லாதவரை. ஆக, டெபியன் பிடிக்கவில்லை என்றாலும் உனக்கு நஷ்டமில்லை.

சரி, டெபியன் ஏன்? 1993இலிருந்து இருக்கிறது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருஷம் முழு ஆதரவு, அப்புறம் எல்டிஎஸ் என்ற நீண்ட கால ஆதரவு இரண்டு வருஷம். பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போகும்வரை கவலையில்லை. கம்பெனி கையில் இருந்த சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸைப் பார், அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றிருந்தது. 2020 டிசம்பரில், 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். ட்ரூநாஸ் 2024 அக்டோபரில் ஆப்ஸ் ஓட்டும் முறையையே குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளிலிருந்து டாக்கருக்கு (ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி டப்பாவில் வைத்து ஓட்டுவது) மாற்றியது. நல்ல மாற்றம்தான், ஆனால் மாற வேண்டிய நாளை அவர்கள் குறித்தார்கள். ட்ரூநாஸில் இன்னொன்று, அதை நிறுவும் டிஸ்க் முழுக்க அதற்கே. உன் 256 ஜிபி எஸ்எஸ்டியில் வேறு எதுவும் வைக்க முடியாது. டிஸ்க் வேலை மட்டும் போதும் என்றிருந்தால் நானே அதைப் போடச் சொல்லியிருப்பேன். அன்ரெய்டு காசு கொடுத்து வாங்குவது. 2 டிபி, 3 டிபி என்று கலந்துகட்டி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அருமையானது. உன்னிடம் இருப்பது ஒரே அளவில் இரண்டு.

மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸும் அடியில் டெபியன்தான், இசட்எஃப்எஸ் கூடவே வருகிறது. டெபியனில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் மாறும்போதெல்லாம் அது மறுபடி கம்பைல் ஆகும், அது ஒரு சின்னத் தொல்லை. ஸ்மார்ட் பிளக்குகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்டை முழுசாக, அதன் கூடுதல் மென்பொருள்களோடு ஓட்டத் தனி விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) தான் நல்லது, அங்கே ப்ராக்ஸ்மாக்ஸ் கில்லாடி. ஆனால் நாலு பிளக்குக்கு டாக்கரில் ஓடுவதே போதும். ஒரு மெஷினுக்குள் நாலு மெஷின் என்றால் நாலுக்கும் அப்டேட் போட வேண்டும். அவர் மாதத்தில் பதினைந்து நாள் ஊரில் இல்லை. வெப்சைட் முகவரிகளை எல்லாம் தேடிக் கொடுக்கும் பை-ஹோல் ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்து, வீட்டில் ஒரு வெப்சைட்டும் திறக்காமல் போனால், தூளியை ஆட்டிக்கொண்டே சரிசெய்யப் போவது நீதான். உனக்குக் கல்லூரியிலிருந்தே கை பழகியது டெபியன்.

எஸ்எஸ்டியில் டெபியன், அதன்மேல் டாக்கர், போட்டோவுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின். எந்த ஆப்பை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்கு எழுதி வைக்கும் கம்போஸ் ஃபைல்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில், அதுவும் இசட்எஃப்எஸ்ஸில் இருக்கட்டும். போட்டோவை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எஸ்எஸ்டியை வேண்டுமென்றே அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார். சாயங்காலத்துக்குள் எல்லாம் திரும்பி ஓடினால் சரி. ஓடவில்லை என்றால் எதை எழுதி வைக்க மறந்தாய் என்று தெரிந்துவிடும்.

கரன்ட் பற்றி அம்மா கேட்கச் சொன்னாள். வாட் மீட்டர் வைத்து அளந்து பார். சும்மா ஓடும்போது 30 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். இன்வர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதில் வை. இல்லாவிட்டால் கரன்ட் மாறுகிற நேரத்தில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்புறம், தீபாவளிக்கு வரும்போது உன்னிடம் சும்மா கிடக்கிற அந்தப் பழைய 2 டிபி டிஸ்கில் உன் போட்டோக்களை இசட்எஃப்எஸ் நகலாக எடுத்துக்கொண்டு வா. இங்கே என் பெட்டியில் மாட்டிவிடுகிறேன். அதன்பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு, அன்றைக்கு மாறியது மட்டும் ஒயர்கார்டு (இன்டர்நெட்டில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக வந்து சேரும். நான் நிலையான ஐபி, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி, வாங்கி வைத்திருக்கிறேன், உன் பக்கம் அது வேண்டாம். திரும்பும்போது என் டிஸ்க் ஒன்றை நீ எடுத்துப்போ. அதில் ஆச்சியின் மூன்று பதிவும் இருக்கும். உப்பளம் பற்றிப் பேசுவது இரண்டாவது. பேத்திக்கு முதலில் அதைப் போடு, ஆச்சி நடுவில் சிரிப்பாள்.

டிஸ்கைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வை. போன முறை மாதிரி முறுக்கு டப்பாவோடு சேர்த்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா