கரிம வேதியியல்: எந்த வினாக்களைப் போட்டுப் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

கரிம வேதியியலுக்கு இணையத்தில் பயிற்சி வினாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தேடியதும் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். அவற்றை எத்தனை போட்டாலும் வினைவழிமுறையை, அதாவது ஒரு வினை படிப்படியாக நடக்கும் விதத்தை, வெற்றுத்தாளில் வரையக் கை வராது.

தேடும்போது பாடத் தலைப்போடு ‘பிராப்ளம் செட்’, ‘ஆன்சர் கீ’ என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் சேர்த்தால், பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களுக்குக் கொடுத்த தாள்களே கிடைக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 5.12 என்ற எண்ணுள்ள கரிம வேதியியல் பாடத்துக்குப் பயிற்சித் தாள்கள் விடைகளோடு இலவசமாக இருக்கின்றன.

பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. ‘எஸ்என்2’ (ஒரே படியில் நடக்கும் பதிலீட்டு வினை) அத்தியாயத்தின் கீழ் வரும் கணக்குகளில் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. 2-புரோமோபியூட்டேனையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் சோடியம் அசைடு சேர்த்தால் பதிலீடு நடக்கும் (புரோமினின் இடத்தில் அசைடு வரும்), மூலக்கூறின் ஆர் அமைப்பு ஆடிப்பிம்பம் போலத் திரும்பி எஸ் ஆகும். எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் நீக்க வினை (இரட்டைப் பிணைப்பு உருவாகும் வினை) மேலோங்கி 2-பியூட்டீன் அதிகம் வரும். பருமனான பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு என்றால் 1-பியூட்டீனின் பங்கு கூடும், அந்தக் காரம் ஓரத்து ஹைட்ரஜனைத்தான் எளிதில் எட்டும். சேர்மம் ஒன்று, வினைப்பொருளும் சூழலும் மட்டும் மாறுகின்றன. இப்படி எல்லாம் கலந்து வருவது பருவ இறுதித் தேர்வுத்தாள்களில்தான். இரண்டு மூன்று அத்தியாயங்கள் முடிந்ததுமே பழைய தாள்களுக்குப் போய்விடலாம்.

உங்கள் விடையை முழுதாக எழுதி முடித்த பிறகே ஆன்சர் கீயைத் திறக்க வேண்டும். விளைபொருள் சரியா என்பதோடு நிறுத்தாமல், எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறிகளையும் ஒப்பிடுங்கள். அம்பு எலக்ட்ரான் இணையிலிருந்து புறப்பட வேண்டும். புரோட்டானிலிருந்து புறப்பட்டிருந்தால் விடை சரியாக வந்தாலும் வழிமுறை தவறு. நான்கு பிணைப்புக்கு மேல் ஏற்காத கார்பனுக்கு ஐந்து விழுந்திருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். பொறுக்கியெடுக்கும் வினாக்கள் இந்தப் பிழைகளைக் காட்டிக்கொடுப்பதேயில்லை.

நிறமாலைக் கணக்குகளுக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (லாஸ் ஏஞ்சலஸ்) வெப்ஸ்பெக்ட்ரா தளம் நல்லது. படத்தைப் பார்க்கும் முன் வாய்பாட்டிலிருந்து நிறைவுறாமை எண்ணைக் கணக்கிடுங்கள் (ஒவ்வொரு வளையத்துக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் ஒன்று). சி8எச்8ஓ என்றால் 5 வரும். பென்சீன் வளையம் இருந்தால் அதற்கே நான்கு போகும். மிச்சமுள்ள ஒன்று கார்பனைலா (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பா) என்பதை அகச்சிவப்பு நிறமாலையில் 1700 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய பட்டை சொல்லிவிடும்.

– வேதியியல் ஆசிரியர்