வேடியப்பன் கல்லை ஊராட்சி நோட்டில் ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பற்றித்தான் (அந்தக் காலத்தில் செத்துப்போன வீரர்களுக்காக நட்ட நினைவுக் கற்கள்) எழுத வந்தேன், அதற்கு முன் ஒரு வெளிநாட்டுக் கதை. பின்லாந்தில் பெத்தாயாவெசி என்று ஒரு சின்ன ஊராட்சி இருக்கிறது, காடும் ஏரியும்தான், மொத்தமே ஏறக்குறைய நாலாயிரம் பேர். அங்கே 1763 முதல் 1765 வரை யாக்கோ லெப்பானென் என்ற தச்சரை வைத்து முழுக்க பைன் மரத்திலேயே ஒரு தேவாலயம் கட்டினார்கள். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேலேயே நடை, இப்படித்தான் ஜனங்கள் ஆராதனைக்கு வந்து போனார்கள். பிரசங்க மேடையைப் புனித கிறிஸ்டோபரின் மரச்சிற்பம் ஒன்று கீழே நின்று தாங்குகிறது.

1879இல் புதுக் கோயில் வந்ததும் பழையதைக் கைவிட்டார்கள். இங்கே என்றால் மறுவருஷமே பிரித்து மரத்தை ஏலம் விட்டிருப்போம். அவர்களுக்கோ மணிக்கூண்டும் கல்லறைத் தோட்டமும் அங்கேயே இருந்ததால் போக்குவரத்து நிற்கவில்லை, கட்டடம் பிழைத்தது. (பக்தி என்பதைவிட பாதி அலட்சியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.) 1920களில் வெளிநாட்டு கலை வரலாற்று அறிஞர் ஒருவர் அதன் அருமையைச் சொன்ன பிறகு பழுது பார்த்தார்கள், 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த நாட்டில் அந்தக் காலப் பாதிரியார்கள் வீடு வீடாக யார் பிறந்தார், யார் இறந்தார், யாருக்கு வாசிக்க வரும் என்பதுவரை பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த நடுகற்களைப் பற்றிக் கவலையில்லை. ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் நிற்பவைதான் பாவம். வேடியப்பன் என்று கும்பிட ஆளிருந்தால் கல் தப்பிக்கும், இல்லாவிட்டால் துணி துவைக்கப் போய்விடும். கும்பிடுகிற கல்லுக்கும் வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல் ஒன்றில் வில் பிடித்த வீரன், காலடியில் மாடுகள், மேலே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்ட் அடித்து அடித்து எழுத்துப் பள்ளமெல்லாம் நிரம்பிப் போய், இப்போது விரலால் தடவினால்கூட ஒன்றும் தட்டுப்படுவதில்லை.

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். வருகிற கிராம சபையில் ஒரே ஒரு தீர்மானம் போட்டு, எந்த சர்வே எண்ணில் என்ன கல் நிற்கிறது, பெருசுகள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று அந்தப் பாதிரியார்கள் மாதிரி ஊராட்சிச் செயலர் ஒரு நோட்டில் போட்டோவோடு எழுதி வைக்கட்டும். பொட்டு, பொங்கல், கெடா வெட்டு எல்லாம் எப்போதும்போல நடக்கட்டும், பெயின்ட் மட்டும் வேண்டாம். அப்புறம், உங்கள் தருமபுரி பதிப்பில் வாரம் ஒரு கல்லின் படம் போட இடம் தருவீர்களா? படத்தை நாங்களே எடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாலக்கோடு