அழிந்த ஆட்டமும் புதிய கட்டணமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே "அந்தப் போக்கிமோன் விஷயம் உண்மையா அண்ணே?" என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தி எனக்கே நான்கு பேர் மூலம் வந்துவிட்டது. அதில் ஒருவன் என் அக்கா மகன். சரி, ஆளாளுக்குத் தனியாக விளக்குவதைவிட ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

செய்தி இதுதான்: ஒருவர் பள்ளிக்கூட நாளிலிருந்து வைத்திருந்த போக்கிமோன் கோல்டு கேட்ரிட்ஜை (கேம் பாயில் செருகும் ஆட்டப் பெட்டி) பேட்டரி மாற்ற எங்களிடம் கொடுத்தாராம், இருபது வருடத்துக்கு மேலாகச் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை நாங்கள் அழித்துவிட்டோமாம்.

"அழித்துவிட்டார்கள்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாங்கள் எதையும் அழிக்கவில்லை. அந்தக் கேட்ரிட்ஜின் உள்ளே காசளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. நீங்கள் சேமித்த ஆட்டம் இருக்கும் சில்லுக்கு அந்தப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எல்லாம் போய்விடும். கோல்டு, அதன் ஜோடியாக வந்த சில்வர் இரண்டிலும் கூடுதலாக ஒரு கடிகாரம் வேறு உண்டு. வெளியே இரவானால் ஆட்டத்துக்குள்ளும் இரவாகும், ஞாபகம் இருக்கும். கேம் பாயை அணைத்துப் பெட்டியில் போட்டாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் போக்கிமோன் கேட்ரிட்ஜ்களைவிட அதற்குப் பின் வந்த இவற்றில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. 1999, 2000 வாக்கில் வந்த சாமான் இது. இன்னும் உயிரோடு இருந்ததே அதிசயம். நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது, 2.2 காட்டியது. எங்களிடம் வராமல் இருந்திருந்தாலும் இன்னும் கொஞ்ச நாளில் தானாகவே போயிருக்கும். பழைய பேட்டரியைக் கழற்றாமல் புதியதை ஒட்டவும் வழியில்லை. கழற்றும் முன் கணினியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம், அன்றைக்குக் கூட்டத்தில் அது விட்டுப்போயிற்று. ஆனால் வேண்டுமென்றே அழித்தது போல எழுதுவது நியாயமா?

எல்லாப் போக்கிமோனும் இப்படியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கான போக்கிமோன் ரூபி, சஃபையரில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும்தான் நிற்கும், சேமித்தது அப்படியே இருக்கும். செய்தியைப் படித்துப் பயந்து ரூபியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் மூன்று பேர்.

கட்டணத்துக்கு வருகிறேன். திரையில் நெட்டுக்குத்தாக விழும் கோடுகளைச் சரிசெய்ய இதுவரை 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து 45 வெள்ளி. உத்தரவாதம் மூன்று மாதத்துக்குப் பதில் ஒரு மாதம். ஒன்பது வருடமாக என்னோடு இருந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். திரைக்குக் கீழே இருக்கும் மெல்லிய நாடாவை சாலிடரிங் அயர்னால் அளவாகச் சூடாக்கி ஒட்டவைக்கும் வேலையில் அவருக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. ஒரு நொடி கூடினால் நாடா கருகிவிடும். பொருள் சேவை வரி 2024-இல் 9 விழுக்காடு ஆனது, கடை வாடகையும் ஏறியது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தவரை சனி ஞாயிறு ஒரு நடை போனால் உடைந்த கேம் பாய் இரண்டு மூன்றாவது கிடைக்கும், உதிரி பாகத்துக்குக் கவலையில்லை. 2017 ஜூலை 10-ஆம் தேதி அதையும் மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் ஜப்பானிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

"ஒரு பழைய பொம்மைக்கு 45 வெள்ளியா?" என்று ஒருவர் கேட்டார். பொம்மைதான். ஆனால் 1989-இல் வந்த இந்தக் கேம் பாயை உருவாக்கிய நிண்டெண்டோ பொறியாளர் குன்பே யோகோய் ஒன்றை வேண்டுமென்றே செய்தார்: புத்தம்புது சமாசாரம் எதையும் தொடாமல், எல்லாருக்கும் பழகி விலை இறங்கிய பாகங்களை எடுத்து வேறு விதமாகப் பயன்படுத்தினார். திரையில் ஒரே நிறத்தின் நான்கே சாயல், பின்னால் விளக்கு இல்லை, பார்க்கப் பாசி படிந்தது போல. போட்டிக் கருவிகளான அடாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் வண்ணத்தோடு வந்தன. ஆறு பேட்டரி போட்டாலும் ஐந்து மணி நேரம் தாங்குவது பாடு. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பின்னால் வண்ணத் திரையோடு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்தால் உலகம் முழுக்க 11.8 கோடிக்கு மேல் விற்றது. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒன்றை நியூயார்க் நிண்டெண்டோ கடையில் பல வருடம் காட்சிக்கு வைத்திருந்தார்கள், அதில் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முகப்பு உருகியிருந்தது, ஆட்டம் நிற்கவில்லை. (டெட்ரிஸில் சேமிக்கவே முடியாது, அணைத்தால் புள்ளியெல்லாம் போச்சு. அதற்காக யாரும் செய்தி பரப்பியதில்லை.)

இத்தனைக்கு நடுவிலும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடியும்வரை மகனின் கேம் பாயை எங்கள் அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்ன அக்கா, தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு வரும் பேருந்து ஓட்டுநர் அண்ணன், செய்தியைப் பார்த்தபின் பழுதே இல்லாத கேம் பாயைக் கொண்டுவந்து "சும்மா துடைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிக் காசு வைத்துவிட்டுப் போன தம்பி, உங்களால்தான் சிராங்கூன் சாலைப் பக்கம் இந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது.

இனி எந்தக் கேட்ரிட்ஜ் வந்தாலும், அதன் பிரதியை உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டிய பிறகுதான் பேட்டரியைத் தொடுவேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆள் கிடைக்கும்வரை வார நாட்களில் மாலை ஐந்துக்குமேல்தான் கடை. ஞாயிறு வழக்கம்போல்.

கோல்டு கேட்ரிட்ஜ்காரர் இதைப் படித்தால்: நீங்கள் கொடுத்த 20 வெள்ளியை உறையில் போட்டுக் கல்லாவில் வைத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்