படுவான்கரைக்குச் சைக்கிளில் போக இதுதான் காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரிமழை ஓய்ந்து வெள்ளாமை வெட்டும் தொடங்கிவிட்டது. கச்சான் காற்று வெக்கையோடு வருவதற்கு முன் கிடைக்கும் மாசியும் பங்குனியும்தான் மட்டக்களப்பு வாவியைச் சைக்கிளில் ஆறுதலாகச் சுற்றிவரத் தோதான மாதங்கள். லீவு என்றால் பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் வான் பிடிக்கிறோம். வாவிக்கு அக்கரையில், மேற்கே இருக்கும் படுவான்கரையின் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சைக்கிள் போதும்.

கல்லடியால் போய் வலையிறவால் திரும்புவதே நல்லது. காலை 6 மணிக்குக் கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி வீதியில் பஸ்சும் லொறியும் கூடுவதற்கு முன் கடந்துவிடலாம். மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். 2014இல் பாலம் திறக்கும்வரை பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த துறை அது. இறங்கி நின்று பார்க்க வேண்டிய இடமும் அதுதான்: வலைக்கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், கண்டல் வேருக்குள் கொக்கு அசையாமல் நிற்கும். பிறகு மகிழடித்தீவு, அங்கிருந்து வடக்கே கன்னன்குடாப் பக்கமாக வவுணதீவு, வலையிறவுப் பாலம், நகரம். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பும். இப்படிச் சுற்றினால் அந்த எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டியது கடைசித் துண்டு மட்டுமே. மாறிச் சுற்றினால் மண்முனைப் பாலத்தில் காற்றும், அதன்பின் வீதி நெரிசலும் சேர்ந்து களைக்க வைக்கும்.

படுவான்கரையின் உட்பக்கம் யானை நடமாட்டம் உள்ள பகுதி. விடியப்புறமும் பொழுதுபட்ட பின்னும் அங்கே போகவே கூடாது. தேத்தண்ணிக் கடையில் இராத்திரி யானை வந்ததா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். அந்த ஊர்ச்சனத்துக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

இக்காலத்தில் சைக்கிளைப் படுக்கவைப்பது நெருஞ்சி முள். மழையில் முளைத்துப் பூத்தது இப்போது காய்ந்து பாதையோரம் கொட்டிக் கிடக்கும். முள் டயரில் நிற்கிறது, காற்றும் நிற்கிறது என்றால் நிழல் வரும்வரை பிடுங்க வேண்டாம். பிடுங்கினால்தான் காற்று இறங்கும். ஒட்டுப் போட்டதும் டியூபை உடனே உள்ளே தள்ளாமல், டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். நுனி முறிந்த முள் உள்ளே இருந்தால் அடுத்த அரை மைலில் அதே இடத்தில் மீண்டும் ஓட்டை. டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் அல்ல. காற்றுக் குறைந்த டயரோடு கொங்கிறீட் விளிம்பில் ஏறியதால் ரிம் கடித்த காயம். மணலுக்காகக் காற்றைக் கொஞ்சம் இறக்கியவர்கள் தார் வீதிக்கு ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு டியூப், சிறு பம், காற்றடிக்கும் வால்கட்டையில் (வால்வில்) மாட்டும் றப்பர் ஒரு துண்டு, இவை கையில் இருக்கட்டும். பழைய றப்பர் வெயிலில் வெடித்துத்தான் பலருக்கும் காற்றுப் போகிறது.

வீதியில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் போகம். ஓரத்து வைக்கோல் பின்சில்லில் செயின் பல்லுக்கும் கம்பிக்கும் நடுவே கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். மிதி இறுகினால் பலம் போட்டு மிதிக்காமல் இறங்கி, பெடலைப் பின்னுக்குச் சுற்றியபடி இழுத்தெடுங்கள். பலம் போட்டால் செயின் கழன்று கம்பிக்குள் விழும்.

முழங்கால் நோகிறது என்பவர்கள் ஆசனத்தை உயர்த்திப் பார்க்கட்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர். வாவிக்கரையில் இளைப்பாறும்போது தில்லை மரத்தின் கிளையை முறிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிறுவர்களோடு போகிறவர்கள் அந்த மரத்தை முதலிலேயே அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும்.

வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில் மணல் ஒட்டும். கடற்கரை உப்புக்காற்றில் எண்ணெயே இல்லாத செயினோ ஒரு கிழமைக்குள் துருவேறும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு