சூசைக்கு என்ன குறைச்சல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 'குழந்தைக்கு வைக்க அபூர்வமான புனிதர் பெயர்கள்' பக்கத்தைப் படித்தேன். 'சூசை, சவரிமுத்து மாதிரி தாத்தா காலத்துப் பெயர்கள் இனி வேண்டாமே' என்று அதில் ஒரு வரி. நான் தாத்தாதான், ஒத்துக்கொள்கிறேன். பெயரும் சூசைதான். ஆனால் அதே பக்கத்தில் ஏழாவதாக 'ஹோசே' என்று போட்டு, 'ஸ்டைலான ஸ்பானியப் பெயர்' என்று பாராட்டு வேறு!

ஐயா, உங்களுக்குத் தெரியாததா? ஸ்பெயினில் ஹோசே. போர்ச்சுகீசியர் வாயில் ஜுசே. 1542-இல் மதபோதகர் சவேரியார் வந்து இறங்கிய நம் தூத்துக்குடி முத்துக்குளித்துறைப் பக்கம் சூசை. எல்லாம் இயேசுவை வளர்த்த அதே தச்சர் யோசேப்புதான். கப்பலில் இருக்கும்வரை ஸ்டைல், கரையேறினால் தாத்தா காலமா?

'பாவ்லோ'வும், அதாவது நம் பவுலும், பட்டியலில் இருக்கிறார். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர். அதனால்தான் நம் பெரியவர்கள் சின்னப்பர் என்றார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் என் புனிதரை வளன் என்றே அழைத்தார். மூன்றே எழுத்து, பள்ளிக்கூடத்தில் யாரும் கேலி செய்ய முடியாது. என்னை 'சூசை பூசை' என்றே எட்டாம் வகுப்புவரை கூப்பிட்டார்கள். 2022 மே 15 அன்று நம் குமரி மாவட்டத்துத் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது முதல் பக்கத்தில் படம் போட்டீர்கள். பெயர் வைப்பது என்று வந்ததும் அவரையும் காணோம்.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். பங்குக் கோயிலில் பழைய பதிவேட்டைப் புரட்டினால், மங்கிய மையில், சாய்வான எழுத்தில், 'ஜோசபுஸ்' என்று லத்தீனில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் சூசை. கவுண்டரில் இருந்த பையன் இரண்டையும் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேரும் யாரு சார்?" என்றான். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். இப்போது உங்களிடமும் அதையே எழுத வேண்டியிருக்கிறது.

அப்புறம், என் தம்பி இறந்தபோது கொடுத்த அஞ்சலி விளம்பரம். சவரிமுத்துவைச் 'சவுரிமுத்து' ஆக்கினீர்கள். தம்பிக்கு முழு வழுக்கை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடிதம் போட்டேன், இன்றுவரை பதில் இல்லை. பரவாயில்லை, உங்களுக்கு ஆயிரம் வேலை.

எல்லோரும் சூசை என்று வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1983-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி புனிதர் பெயரே கட்டாயமில்லை; கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாவிட்டால் சரி. என் சொந்தப் பேரனே ரேயான். மருமகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 19 சூசையப்பர் திருநாளுக்குள் அந்தப் பட்டியலை மறுபடி வெளியிட்டால், ஹோசேக்குப் பக்கத்தில் 'அதாவது சூசை' என்று இரண்டு வார்த்தை சேருங்கள். இடமில்லை என்றால் தம்பியின் பெயரையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
சூசை
தூத்துக்குடி